ஹாருவும் ஆய்தமும்

மதுரையில் மகாலுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வளர்ந்தவன் நான். சௌராஷ்டிரன் அல்ல. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழித்தறி இருந்தது. நாடா ஓடும் சத்தத்தோடு ஒரு பாஷையும் பகல் முழுவதும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். பதினைந்து வருஷம் கேட்டேன். அதில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. அது ஒரு குறை என்று வெகுகாலம் தோன்றியதுமில்லை. மதுரை சங்கம் வளர்த்த ஊர் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அங்கே ஒலிக்கும் இன்னொரு பாஷை பாஷையாகக் காதில் விழுவதில்லை. தறிச் சத்தத்தோடு சேர்த்து மனம் அதையும் ஒதுக்கிவிடுகிறது.

அடுத்த வீட்டுப் பையன் என் வகுப்பில் படித்தான். அவனுடைய பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றி முடிய வேண்டும். சாயத்தில் தோய்த்துப் பிறகு பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு நாள் சோற்றுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை நான் திருப்பிச் சொன்னேன். தமிழில் அதைப் 'பாத்' என்றுதான் எழுத முடியும். பாட்டி முடிச்சிலிருந்து தலை நிமிராமல் சிரித்தாள். "சோத்துல ஆவியே இல்லையேடா, ஆறிப்போன சோறுல்ல இது" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் ஆறிய சோறுதான். அவள் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வராதது இரண்டாவது விஷயம். காதுக்கே அது எட்டவில்லை.

அந்த ஆவியின் சரித்திரத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

தமிழில் க என்று ஓர் எழுத்து. 'கல்' என்னும்போது அது ஓர் ஒலி, 'தங்கம்' என்னும்போது இன்னோர் ஒலி, 'பகல்' என்னும்போது மூன்றாவது. இவை வேறுவேறு என்று தமிழனுக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. சொல்லில் எழுத்து நிற்கும் இடம் ஒலியைத் தீர்மானித்துவிடுவதால் எழுத்து தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தச் சிக்கனத்தில் ஓர் அழகு உண்டு. ஆனால் சிக்கனத்துக்குப் பழகிய காது, மற்றவர்கள் செலவு செய்யும் இடத்தில் அதைக் கவனிக்காமல் போய்விடும்.

சௌராஷ்டிரத்தில் இடம் தீர்மானிப்பதில்லை. சொல்லின் தொடக்கத்திலேயே நான்கில் எதுவும் வரலாம். குரலில்லாதது, குரலில்லாமல் மூச்சோடு வருவது, குரலுள்ளது, குரலும் மூச்சும் சேர்ந்தது. தண்ணீருக்கு 'பானி' என்பார்கள். அதன் பகரம் நம்முடைய 'பல்'லில் உள்ள பகரம்தான். சோற்றின் பகரம் நான்காவது வகை. க, ச, ட, த, ப ஐந்துக்கும் நான்கு நான்காக இருபது. நமது வல்லினத்தில் ஆறாவதான றகரத்துக்கு அங்கே வேலையில்லை. ழகரமும் கிடையாது. ளகரம் உண்டு.

நண்பனின் அப்பா நெசவாளர். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்; மொழியியல் என்ற பெயரையே கேட்டிராதவர். பாவிலிருந்து அறுந்த ஓர் இழையை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடித்தார். மூச்சில்லாத ககரத்தைச் சொன்னார். இழை ஏறக்குறைய அசையவில்லை. மூச்சோடு சொன்னார், இழை துள்ளியது. பிறகு சோற்றைச் சொன்னார். இழை துள்ளவில்லை, இலேசாக ஆடியது. "இது வாயில இல்ல தம்பி, தொண்டையில" என்று என் கையை எடுத்துத் தம் கழுத்தில் வைத்துக்கொண்டார். குரல் அதிர்ந்தது, அந்த அதிர்வு சற்றுத் தளர்ந்து, காற்றோட்டமாக இருந்தது. மூச்சு வெளியே வந்தபின் குரலோடு சேரவில்லை. குரல் பிறக்கிற இடத்திலேயே அதில் கலந்திருந்தது. அவருடைய கழுத்தின் வழியாக எனக்குப் புரிந்தது அவருடைய வாயின் வழியாகப் புரிந்திருக்காது.

இந்த இருபதோடு முடிந்திருந்தால் சௌராஷ்டிரம் வடநாட்டு மொழிகளில் ஒன்றைப்போல இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடலாம். மூச்சு ம, ந, ர, ல என்ற நான்கிலும் ஏறுகிறது. இதை விளக்குவதற்குத் தமிழ் வாசகனுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. வடமொழியில் எழுத்தின்படி 'பிரஹ்மா'. வாய்க்கு வரும்போது அது பெரும்பாலும் 'ப்ரம்ஹா' என்று இடம் மாறிக்கொள்கிறது. 'சிஹ்நம்' என்பது 'சிந்ஹம்' ஆகிறது. தமிழ் அந்த ஹகரத்தை உதறிவிட்டுப் பிரம்மா என்றும் சின்னம் என்றும் வைத்துக்கொண்டது. உதறாமல், ம்-மையும் ஹ்-ஹையும் இரண்டாகப் பிரிக்காமல், மூக்கொலிக்குள்ளேயே மூச்சு கரைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் சௌராஷ்டிரத்தின் மூச்சேறிய மகரம். மராத்தியிலும் கொங்கணியிலும் இதற்கு உறவான ஒலிகள் உண்டு. இந்த மூச்சைக் காட்டுவதற்குச் சௌராஷ்டிர எழுத்தில் தனிக் குறி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹாரு. அது தனியாக நிற்காது. ஓர் எழுத்தைச் சார்ந்தே வரும்.

உயிர் எழுத்துக்களில் கதை நேர்மாறானது. சௌராஷ்டிர எழுத்தில் எகரமும் ஏகாரமும் தனித்தனி. ஒகரமும் ஓகாரமும் தனித்தனி. குஜராத்தி எழுத்திலோ இந்தி எழுதும் தேவநாகரியிலோ இந்தக் குறில் நெடில் வேற்றுமைக்கு இடம் கிடையாது. இது தெற்கின் சரக்கு. தமிழே இதை எழுத்தில் தெளிவாகக் காட்ட நெடுங்காலம் திண்டாடியது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஏட்டில் புள்ளி போடாத வழக்கம் பரவிக் குழப்பம் நீடித்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. வடக்கிலிருந்து வந்த ஒரு பாஷை நம்முடைய இந்தச் சிக்கலையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் இவர்களுடைய சரித்திரம் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று.

சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் குறித்து எழுதப்பட்டவை ஏராளம். சோமநாதபுரத்தை 1025-26இல் கஜினி முகமது தாக்கியதால் புறப்பட்டார்கள் என்பது வழிவழிக் கதை. தேவகிரி, விஜயநகரம், பிறகு நாயக்கர் ஆட்சியில் மதுரை. திருமலை நாயக்கர் தமது அரண்மனைக்குப் பட்டு நெய்ய அழைத்து வந்தார் என்பார்கள். மகாலைச் சுற்றியே அவர்கள் தெருக்கள் அமைந்திருப்பதைக் காட்டுவார்கள். வந்த வழியை வினாவும் விடையுமாகச் சொல்லும் பாடம் ஒன்று கல்யாணச் சடங்கில் உண்டு. இதற்கெல்லாம் முந்தைய ஆதாரமாகக் காட்டப்படுவது மாண்டசோர் கல்வெட்டு. லாட தேசமாகிய தென்குஜராத்திலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று 437இல் சூரியனுக்குக் கோயில் கட்டி, 473இல் அதைப் புதுப்பித்ததை வத்ஸபட்டி என்ற கவி சமஸ்கிருதத்தில் பாடிப் பொறித்திருக்கிறான். அந்த நெசவாளர்களின் சந்ததிதான் மகால் தெருவில் தறி போட்டார்கள் என்று நிரூபிக்க நடுவில் வெகுதூரம் இருக்கிறது. ஆனால் தொழிலைக் கையிலும் பாஷையை வாயிலும் எடுத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது அந்தத் தொழிலுக்குப் புதிதல்ல என்பது மட்டும் கல்லிலேயே இருக்கிறது.

பூர்வீகம் தேடுகிறவர்கள் கல்வெட்டையும் கர்ணபரம்பரையையும் புரட்டுகிறார்கள். பாட்டியின் வாயை யாரும் புரட்டவில்லை. குரலோடு மூச்சேறிய அந்தப் பகரம் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தது. மூச்சேறிய மகர நகரங்கள் மராத்தி பேசும் பிரதேசத்தை நினைவுபடுத்துகின்றன. வழியில் சேர்ந்த தெலுங்குச் சொற்களும் கன்னடச் சொற்களும் விஜயநகரத்தைச் சொல்கின்றன. எகர ஒகரக் குறில்கள் தெற்கில் குடியேறியதைச் சொல்கின்றன. கடைசியாக வாக்கிய அமைப்பில் தமிழ் வந்து உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் ஒரு கிழவி பேரனைச் சாப்பிடக் கூப்பிடும் ஒரு வாக்கியத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மாண்டசோரில் கல்லில் இருப்பதைப்போல இதுவும் சாசனம்தான். ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திரும்பப் பொறித்தாக வேண்டும் என்பது ஒன்றே வித்தியாசம்.

வகைப்படுத்துகிறவர்களுக்கு இந்த அடுக்குகள் தொல்லை. கிரியர்சன் தமது மொழிக் கணக்கெடுப்பில் இதைக் குஜராத்தியோடு சேர்த்தார். 1940களில் லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்தைச் சேர்ந்த எச். என். ராண்டில் இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பிரபோத் பண்டிட் 1970களில், ஊர் மாறிப்போனவன் தாய்மொழியைக் கைவிடுவதுதான் இயல்பு என்ற மேற்கத்திய எண்ணம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று வாதிட்டபோது தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர்களை உதாரணம் காட்டினார். ஜப்பானியரான நோரிஹிகோ உச்சிடா வந்து தங்கிச் சொல் சேகரித்து 1990இல் அகராதி வெளியிட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். குஜராத்தி என்ற பெரிய தலைப்பின் கீழ் ஓர் உட்பிரிவாக அது அச்சாகியிருக்கிறது. லண்டனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கேட்டிருக்கிறது. பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

இனி எழுத்துச் சண்டை. 1880களில் டி. எம். ராமராய் பழைய சௌராஷ்டிர எழுத்தைச் சீர்ப்படுத்தினார். அச்சுக் கோக்கத் தோதாகக் கூட்டெழுத்துக்களைக் குறைத்து, உயிர்நீங்கிய மெய்க்குத் தனிக்குறி போட்டார். பாடப்புத்தகங்கள் அச்சிட்டார். தமிழில் உ.வே.சா. ஏடுகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்த அதே காலம். இங்கே ஓர் இலக்கியத்துக்கு அச்சு வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பேச்சுக்கு எழுத்து. அந்த எழுத்து எல்லோருக்கும் ஒத்துப்போகவில்லை. தேவநாகரிதான் வேண்டும் என்று ஒரு கட்சி உண்டாயிற்று. தெலுங்கு எழுத்திலும் புத்தகங்கள் வந்தன. தமிழ் எழுத்தே போதும் என்றவர்கள்தான் கடைசியில் நடைமுறையில் ஜெயித்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அதுதானே.

ஒவ்வோர் எழுத்தும் எதையோ வெட்டியது. தேவநாகரியில் மூச்சுக்கெல்லாம் இடமுண்டு. எகர ஒகரக் குறில்களுக்கு இல்லை. தமிழில் குறில் நெடில் இருக்கிறது, மூச்சு இல்லை. இல்லாததைக் காட்ட வல்லின எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டார்கள். ஹாருவுக்காக ம, ந, ர, ல பக்கத்தில் முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளி வைத்தார்கள். நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகளை இப்படி எண்ணும் புள்ளியுமாக அச்சிட்ட புத்தகம் ஒன்றை நண்பன் வீட்டில் பார்த்திருக்கிறேன். மதுரையில் 1843இல் பிறந்து 1914இல் மறைந்த சுவாமிகள், தம்மை நாயகியாகவும் கடவுளை நாயகனாகவும் வைத்துச் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடியவர். அழகர்கோவில் சாலையில் காதக்கிணற்றில் அவருடைய சமாதி இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் கணக்குப் புத்தகம் போல இருக்கும். வயதானவர்கள் அந்த எண்களைப் பார்ப்பதில்லை. பாட்டை ஏற்கெனவே அறிவார்கள். இளையவர்களும் பார்ப்பதில்லை, எண் எதற்கென்று தெரியாது. மூச்சு தெரிந்தவனுக்குக் குறி தேவைப்படவில்லை. தெரியாதவனுக்குக் குறியால் மூச்சைக் கொடுக்க முடியவில்லை.

இதை நம்மைப்போன்றவர்கள் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். நாம் எழுத்தை நம்புகிறவர்கள். சி.சு. செல்லப்பா 1959இல் பத்திரிகை ஆரம்பித்தபோது 'எழுத்து' என்றே பெயர் வைத்தார். 1970இல் வந்தது 'கசடதபற'. 1978இல் வந்தது 'ழ'. நவீன தமிழ் இலக்கியம் தன் அடையாளத்தை நெடுங்கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. வல்லினம் என்றால் எதிர்ப்பு. ழ என்றால் தமிழின் தனித்தன்மை. எனக்கும் இந்தப் பெயர்களில் பெருமை இருந்தது. ஆனால் 'கசடதபற' என்று அட்டையில் பார்த்தபோது, பக்கத்து வீட்டில் அந்த எழுத்துக்களில் றகரம் தவிர ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து ஒலித்துக்கொண்டிருந்தது என் நினைவுக்கு வரவில்லை. பாஷையைப் பற்றிப் பேசி விடிய விடிய டீ குடித்த நாங்கள் பாஷை என்று சொன்னது அச்சானதைத்தான்.

எழுத்து இருந்தால் ஒலி பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குத் தமிழிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. ஆய்தம்.

தொல்காப்பியம் பிறப்பியலில் காற்று உந்தியிலிருந்து எழுந்து எங்கெங்கே தங்கி எந்த எழுத்தாகிறது என்று வாயைத் திறந்து பார்த்ததுபோலச் சொல்கிறது. ஆய்தத்தைக் குற்றியலிகரத்தோடும் குற்றியலுகரத்தோடும் சேர்த்துச் சார்ந்து வருவனவற்றுள் வைக்கிறது. தனக்கென இடமில்லாமல் தான் சாரும் எழுத்தின் இடத்தில் பிறப்பது அது. எஃகு, கஃசு, பஃறுளி, அஃது. ஒரு காலத்தில் இந்தச் சொற்களுக்குள் ஏதோ ஒரு மூச்சு ஓடியிருக்கிறது. அது எப்படிப்பட்டது என்று இன்று வாதம்தான் செய்ய முடியும். கேட்டுக் காட்ட யாராலும் முடியாது. பேச்சில் அது செத்து எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டது. எழுத்து மட்டும் மூன்று புள்ளியாக நெடுங்கணக்கில் பத்திரமாக இருக்கிறது. குழந்தைகள் அதை 'அக்கு' என்று படிக்கிறார்கள். சொந்த வேலை போனபின் அதற்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது: ஃபேன், ஃபோன் என்று அந்நிய ஒலிக்குக் கைகொடுப்பது.

ஹாருவின் கதையைத் தலைகீழாக வைத்தால் ஆய்தத்தின் கதை. தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு மூச்சை விட்டது. சௌராஷ்டிரம் பல நூற்றாண்டு பொது எழுத்து ஒன்றில் நிலைக்காமலே மூச்சை வைத்துக்கொண்டது. 2008 ஏப்ரலில் யூனிகோடின் 5.1ஆம் பதிப்பில் சௌராஷ்டிர எழுத்து சேர்க்கப்பட்டது. மொத்தம் 81 குறிகள். அவற்றில் ஒன்று ஹாரு. உலகத்தின் எந்தக் கணிப்பொறிக்கும் இனி அது தெரியும். ராமராய் ஈயத்தில் வார்த்ததற்குக் கிடைக்காத நிரந்தரம் அதற்குக் கிடைத்துவிட்டது. அதற்குள் மகால் தெருவில் தறிகள் அநேகமாக நின்றுபோயின. தறியடியில் பேசிய பாஷைக்கு வேறு அடி அமையவில்லை.

நின்றதற்குக் காரணம் தறி மட்டும் அல்ல. தமிழ் வகுப்பும் ஒரு காரணம். நண்பன் செய்யுள் ஒப்பித்தபோது சொல் முதலில் அவனை அறியாமல் குரல் ஏறிவிடும். பல் என்பதில் கொஞ்சம் கனம் கூடிவிடும். ஆசிரியர் ஒருவர், "ஏண்டா, நாக்கைக் குஜராத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்பார். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்தேன். அவன் வைராக்கியமாக வீட்டு மாடியில் நின்று தமிழ் உச்சரிப்புப் பழகினான். ழகரத்தை அவன் சொன்ன மாதிரி எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. மதுரைக்காரனுக்கு வாழைப்பழம் வாளப்பளம்தான். அவனுக்கு மட்டும் வாழைப்பழம்.

அவனுக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் 1950இல் சினிமாவில் பாட ஆரம்பித்து, தமிழைத் தெளிவாக உச்சரிப்பது எப்படி என்று இரண்டு மூன்று தலைமுறைக்குக் காட்டினார். 2013இல் மறைந்தார். 2023இல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நல்ல தமிழ் உச்சரிப்பு என்று தமிழன் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் அவருடைய குரல்தான். வீட்டில் இருபது வல்லெழுத்தைக் கையாளத் தெரிந்த வாய், தமிழின் ஆறை அவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கும்பகோணத்தில் இன்னொருவர். மணிக்கொடிக்காரரான எம். வி. வெங்கட்ராமுக்கும் வீட்டு பாஷை சௌராஷ்டிரம்தான். 'வேள்வித் தீ'யில் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். 1993இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கித் தந்த நாவலின் பெயர் 'காதுகள்'. இவர்களால் தமிழ் எவ்வளவோ பெற்றது. கொடுத்த பாஷை என்ன பெற்றது என்று தமிழ் விமர்சனம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதால் இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை.

சென்ற வருஷம் நண்பனைப் பார்க்கப் போனேன். தறி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. குழியை மூடிச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தரை சற்று நிறம் வேறு. பேரக்குழந்தைகள் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தன. அவற்றோடு அவன் சௌராஷ்டிரத்தில் பேசினான். அவை தமிழில் பதில் சொல்லின. சின்னவளைக் கூப்பிட்டுச் சோற்றுக்கு என்ன சொல்வாய் என்று கேட்டான். சொன்னாள். என் சோறு மாதிரியே ஆறியிருந்தது. எனக்கே அது தெரிந்தது. பாட்டியின் சிரிப்பு எனக்குப் புரிய அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

பிறகு அவன் கைபேசியை எடுத்தான். சௌராஷ்டிர எழுத்தில் தட்டச்சுச் செய்யப் பழகிக்கொண்டிருந்தான். எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்றும், அவனுடையதில் சரியாகத் தெரிகிறது என்றும் சந்தோஷமாகச் சொன்னான். மகரத்தை அடித்து அதன்மேல் ஹாருவைச் சேர்த்தான். சின்னத் திரையில் அழகாக வந்து நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை உரக்கச் சொன்னான். இன்னொரு தரம் சொன்னான். மூன்றாவது தரம் கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு சொன்னான். அவன் அப்பா என் கையை எடுத்து வைத்துக்கொண்ட அதே இடத்தில்.

"சின்ன வயசுல வரும்டா. அந்தத் தமிழ் வகுப்புக்காக மாடியில நின்னு நின்னு எல்லாத்தையும் இறுக்கிட்டேன் போலருக்கு" என்றான். கொஞ்சம் நேரம் கழித்து, "இப்ப வந்துச்சா?" என்று கேட்டான்.

அவனுடைய அம்மா இல்லை. பாட்டி இல்லை. அந்த வீட்டில் அந்த ஒலியைச் சரியாகக் கேட்டிருந்த வேறு ஆள் நான் ஒருவன்தான். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தரம் வந்ததுபோல இருந்தது. இன்னொரு தரம் வெறும் மகரமாக இருந்தது. எது எதுவென்று சொல்ல என் காதால் முடியவில்லை.